விதித்தவனையும் கட்டும் விதி

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நீளும் பிரதான வீதியில், நிந்தவூரிலும் ஒலுவிலிலும் அட்டாளைச்சேனையிலும், புடைவைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு கைத்தொலைபேசிக் கடையொன்று இன்று நிற்காத இடமில்லை. அங்கே விற்பனையாகும் அன்ட்ரொயிட் தொலைபேசி ஒவ்வொன்றினுள்ளும், அதை விற்பவரும் வாங்குபவரும் ஒருநாளும் புரட்டிப் பாராத ஒரு சட்டப் புத்தகம் அடங்கியிருக்கிறது. தொலைபேசியினுள் அல்லும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களில் எது எந்தக் கோப்பைத் திறக்கலாம், எது எந்தக் கருவியைத் தொடலாம், எது எதனோடு பேசலாம் என்பதை அந்தப் புத்தகம் வரிவரியாக விதித்திருக்கிறது. அதில் அனுமதிக்கப்படாத காரியத்தைச் செய்ய எந்த நிரலுக்கும் இடமில்லை. தொலைபேசியின் சொந்தக்காரர் தாமே விரும்பினாலும் சாதாரண வழியில் அந்த விதியை அவர் தளர்த்திவிட முடியாது. கணினி இயலார் இந்த ஏற்பாட்டைக் கட்டாய அணுகற் கட்டுப்பாடு என்று வழங்குவர். பெயர் சற்றுக் கடினமாக ஒலித்தாலும், அதன் அடியிலே கிடக்கும் தத்துவம் நமக்குப் புதியதன்று.

கணினியிலோ தொலைபேசியிலோ நாம் கண்ணால் காணும் நிரல்கள் சிலவே. நம் கண்ணுக்குப் புலப்படாமல் பின்னணியில் இயங்கி, வலையமைப்பைக் கவனிப்பதும், அச்சுப்பொறிக்கு வேலை அனுப்புவதும், நினைவக அட்டையை இணைப்பதும், வந்து சேரும் படத்தையும் பாட்டையும் பிரித்துத் தருவதுமாக ஊழியம் செய்யும் நிரல்கள் பல. இவை இயங்குதளத்தின் பணியாட்கள். செய்யும் வேலை சிறிதாயினும், அதைச் செய்வதற்காக இவற்றிற்கு அளிக்கப்பட்ட அதிகாரமோ பெரும்பாலும் மிகப் பெரிது. வெளியிலிருந்து வரும் அந்நியச் செய்திகளை முதலில் வாங்கிப் பிரிப்பவையும் இவையே ஆகையால், தீய நோக்கம் உடையவன் முதலில் கண்வைப்பதும் இவற்றின் மீதுதான்.

1970களின் தொடக்கத்தில் உருப்பெற்ற யூனிக்ஸ் இயங்குதளமும், அதன் வழிவந்த லினக்ஸும், அதிகாரத்தைப் பங்கிட்ட முறை எளிமையானது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அதை யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம் என்பதை அவரே தம் விருப்பப்படி தீர்மானிப்பார். ஒரு நிரலை அவர் ஓடவிட்டால் அவருடைய அதிகாரம் அனைத்தும் அந்த நிரலுக்கு அப்படியே வந்துவிடும். இவற்றிற்கெல்லாம் மேலே ‘ரூட்’ என்று ஒரு சர்வாதிகாரி உண்டு. அவருக்கு மறுப்பென்பதே கிடையாது. பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றில் ஒருவரையொருவர் அறிந்த சிலர் கூடிப் பயன்படுத்திய காலத்தில் இந்த ஏற்பாடு போதுமானதாகவே இருந்தது. முன்பின் அறியாதவர்களையெல்லாம் வலையமைப்பு ஒன்றாக இணைத்த காலத்தில்தான் அதன் குறை வெளிப்பட்டது.

1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி, கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ரொபர்ட் மொரிஸ் அவிழ்த்துவிட்ட ஒரு நிரல், அமெரிக்காவின் இணையத்தோடு இணைந்திருந்த ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறடித்தது. அது உள்ளே நுழைந்த வழிகளுள் ஒன்று ‘ஃபிங்கர்’ என்னும் சேவை. ஒரு கணினியில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து கேட்போருக்குப் பதில் சொல்வதே அதன் தொழில். மொரிஸின் நிரல் அதற்கு அளவுக்கு மீறிய நீளமுள்ள ஒரு வினாவை அனுப்பியது. ஃபிங்கரின் நினைவகம் நிரம்பி வழிந்தது. வழிந்த இடத்தில் தாக்குபவரின் கட்டளை போய் உட்கார்ந்துகொண்டது. அதன்பின் அதே ஃபிங்கரின் பெயரிலே கட்டளை ஏற்கும் இடைமுகம் திறக்கப்பட்டது. வெளியிலிருந்து மூலநிரல் கொண்டுவரப்பட்டது. அது அவ்விடத்திலேயே தொகுக்கப்பட்டு இயக்கப்பட்டது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று பதில் சொல்லும் பணியாளுக்கு, புதிய நிரலைக் கொண்டுவந்து தொகுத்து ஓடவிடும் அதிகாரம் எதற்கு? அந்த அதிகாரத்தை யாரும் அதற்கு வேண்டுமென்று கொடுக்கவில்லை. கொடுக்கக்கூடாதென்று யாரும் எழுதிவைக்கவுமில்லை என்பதே உண்மை.

இவ்விடத்தில் நம்மூர் வழக்கமொன்றை நினைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஒருவர் தம் நெற்காணியைத் தம் பெயரில் வைத்திருக்கும்வரை அதை விற்கலாம், குத்தகைக்கு விடலாம், மருமகனுக்கு எழுதிக் கொடுக்கலாம். அது அவர் விருப்பம். அதே காணியை அவர் பள்ளிவாசலுக்கு வக்பு, அதாவது நிரந்தர அறக்கொடை, செய்துவிட்டாரானால் நிலைமை அடியோடு மாறிவிடுகிறது. அதன் வருமானம் இன்ன காரியத்துக்கு என்று அவர் எழுதிவைத்த நிபந்தனை, அன்று முதல் அதைப் பரிபாலிக்கும் நம்பிக்கையாளர் சபையை மட்டுமன்று, கொடுத்த அவரையும் அவருடைய வாரிசுகளையும் சேர்த்தே கட்டுகிறது. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வக்புகளை மேற்பார்வை செய்யும் ஏற்பாடு இந்நாட்டில் உண்டு. நம்பிக்கையாளர் எவ்வளவு நல்லவராயினும், அவசரம் எவ்வளவு நியாயமானதாயினும், நிபந்தனையை மீறும் உரிமை அவருக்கு இல்லை. ஏனெனில் அந்த விதி நல்லவரைச் சந்தேகித்து எழுதப்பட்டதன்று, நல்லவருக்குப் பின் வரப்போகிறவரை அறியமுடியாது என்பதால் எழுதப்பட்டது. யூனிக்ஸின் பழைய ஏற்பாடு சொந்தக் காணியைப் போன்றது. கட்டாய அணுகற் கட்டுப்பாடு வக்புக் காணியைப் போன்றது. இன்று உத்தமமாக ஊழியம் செய்யும் நிரல் நாளை பிறரால் கைப்பற்றப்படலாம். அந்த நாளிலும் அது எல்லை கடவாதிருக்க வேண்டுமானால், எல்லை அதன் நற்குணத்தில் அல்லாமல், அதற்கு வெளியே எழுதப்பட்ட சாசனத்தில் இருக்க வேண்டும்.

இந்தச் சிந்தனை முதலில் பிறந்த இடம் இராணுவம். 1973ஆம் ஆண்டு முதல் டேவிட் பெல், லெனார்ட் லபதூலா என்னும் இருவர் அமெரிக்க விமானப்படைக்காக உருவாக்கிய கணித மாதிரியொன்று, இரகசிய ஆவணங்கள் கீழ்ப்படியினர் கைக்குக் கசியாதிருக்கும் வழியை வகுத்தது. பரம இரகசியத்தைப் படித்தவர் அதைச் சாதாரணக் கோப்பொன்றில் எழுதிவைக்க முடியாது; தாமே விரும்பினாலும் முடியாது. அதே 1973இல் கணினி அறிஞர் பட்லர் லம்ப்சன் வேறொரு வினாவை எழுப்பினார்: நமக்காக வேலை செய்யும் ஒரு நிரல், நாம் கொடுத்த தகவலை வேறெவருக்கும் கடத்தாதவாறு அதை அடக்கிவைப்பது எப்படி? இரண்டாண்டுகள் கழித்து சோல்ட்சர், ஷ்ரோடர் ஆகிய இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையொன்று, ஒவ்வொரு நிரலும் தன் வேலைக்கு இன்றியமையாத மிகக் குறைந்த அதிகாரத்தோடு மட்டுமே இயங்கவேண்டும் என்னும் கோட்பாட்டை நிலைநாட்டியது. பின்னர் வந்த யாவும் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரை என்றே சொல்லிவிடலாம்.

கோட்பாடு பிறந்து கால் நூற்றாண்டு சென்ற பின்னரே அது பொதுமக்களின் கணினியை வந்தடைந்தது. யூட்டா பல்கலைக்கழகத்தோடும் தனியார் நிறுவனமொன்றோடும் சேர்ந்து பல ஆண்டுகள் பரிசோதனை செய்துவந்த அமெரிக்கத் தேசிய பாதுகாப்பு முகவரகம், 2000ஆம் ஆண்டு டிசம்பரில் எஸ்.ஈ.லினக்ஸ் என்னும் ஆக்கத்தை மூலநிரலோடு பகிரங்கமாக வெளியிட்டது. ஒற்றறிவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனமொன்று பூட்டு செய்து ஊருக்கு இலவசமாகக் கொடுப்பதா என்ற சந்தேகம் அன்றும் எழுந்தது, எட்வர்ட் ஸ்னோடன் அந்நிறுவனத்தின் இரகசியங்களை வெளியிட்ட 2013இலும் எழுந்தது. மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், நிராகரிக்கலாம் என்பதே அதற்குரிய ஒரே நேர்மையான பதில். இரண்டு தசாப்தங்களுக்கு மேலாகப் பல நாட்டு நிபுணர்கள் அதைப் படித்துத் திருத்தியும் வருகிறார்கள். லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2001இல் இந்த ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்ள மறுத்து, இத்தகைய விதிமுறைகள் பலவும் வந்து பொருந்தக்கூடிய ஒரு பொதுச் சட்டகத்தை அமையுங்கள் என்றார். அதன்படி அமைந்த சட்டகத்தோடும் எஸ்.ஈ.லினக்ஸோடும் 2003 டிசம்பரில் லினக்ஸ் 2.6 வெளியாயிற்று. அதே சட்டகத்தில் கிறிஸ்பின் கவன் குழுவினரின் அப்ஆர்மர் என்னும் மாற்றும் பின்னர் வந்து பொருந்தியது. முன்னது ஒவ்வொரு கோப்பின் மீதும் ஓர் அடையாளத்தை ஒட்டிவைத்து அதைக்கொண்டு தீர்ப்பளிக்கிறது. பின்னது கோப்பு இருக்கும் பாதையைக்கொண்டு தீர்ப்பளிக்கிறது. பின்னதின் விதிகளைச் சாதாரண நிர்வாகி ஒருவர் வாசித்தே விளங்கிக்கொள்ளலாம். உபுண்டு என்னும் லினக்ஸ் வழங்கியைப் பயன்படுத்துவோர் தம்மையறியாமலே அதன் காவலில் இருக்கிறார்கள்.

எடுத்த எடுப்பிலேயே இந்த ஏற்பாடு வெற்றிபெற்றுவிடவில்லை. 2004 மே மாதத்தில் வெளியான ஃபெடோரா கோர் 2 என்னும் லினக்ஸ் வழங்கியில், கணினியில் இயங்கும் சகலத்தையும் விதிக்குள் கட்டும் கடுமையான விதித் தொகுப்பு அமைந்திருந்தது. அது உலகிலுள்ள எல்லாருடைய எல்லாப் பழக்கங்களையும் முன்கூட்டியே அறிந்து எழுதவேண்டிய சட்டம். அறிய முடியாததை அறிய முயன்றதனால் நியாயமான வேலைகளும் தடைப்பட்டன, பாவனையாளர் முறையிட்டனர், ஈற்றில் அது இயல்பாக அணைத்துவைக்கப்பட்ட நிலையிலேயே வெளிவந்தது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த சமரசமே இன்றளவும் நிலைத்து நிற்பது. அதே ஆண்டு நவம்பரில் வந்த கோர் 3, மனிதர் தம் மேசையில் செய்யும் வேலைகளைச் சுதந்திரமாக விட்டுவிட்டு, வலையமைப்பை எதிர்கொண்டு நிற்கும் ஏறத்தாழ ஒரு டசின் பணியாட்களை மாத்திரம் கட்டியது: இணையத்தளம் வழங்குபவர், பெயர்களை முகவரியாக மாற்றுபவர், நேரம் சரிபார்ப்பவர், தரவுத்தளம் காப்பவர் போன்றோர். இவர்கள் என்ன செய்வார்கள் என்பது முன்கூட்டியே தெரியும். ஆகவே இவர்களுக்கு விதி எழுதுவது சாத்தியம். 2005 பெப்ரவரியில் ரெட்ஹெட் நிறுவனத்தின் வர்த்தக வழங்கியும் இதே முறையைப் பின்பற்றிற்று. மனிதனை விட்டுப் பணியாளைக் கட்டு என்னும் இந்த விவேகமே தோற்றுப்போகவிருந்த ஒரு தத்துவத்தைக் காப்பாற்றியது.

விதி எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை ஓர் உதாரணத்தால் அருகிருந்து பார்க்கலாம். எஸ்.ஈ.லினக்ஸ் உள்ள கணினியில் ஒவ்வொரு நிரலுக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ‘லேபிள்’ உண்டு. இணையத்தளம் வழங்கும் நிரல் தனக்கென ஒரு லேபிளோடு ஓடும். பொதுமக்களுக்குக் காட்டவேண்டிய பக்கங்கள் வேறொரு லேபிளைத் தாங்கியிருக்கும். ஒருவருடைய வீட்டு அடைவிலுள்ள சொந்தக் கோப்புகள் மற்றொரு லேபிளைத் தாங்கியிருக்கும். முதலாவது லேபிள் உடையவர் இரண்டாவது லேபிள் உடையதைப் படிக்கலாம் என்று தொகுப்பிலே எழுதியிருக்கும். மூன்றாவதைப் பற்றி எதுவும் எழுதியிராது, எழுதாதது மறுக்கப்பட்டது. ஒரு கோப்பைத் திறக்க நிரல் கேட்டவுடன், முதலில் பழைய யூனிக்ஸ் முறைப்படி உரிமை பார்க்கப்படுகிறது. அதில் தேறினால் மட்டுமே, இயங்குதளத்தின் உட்கருவாகிய கர்னல் இந்தத் தொகுப்பைப் பார்க்கிறது. இரண்டும் உடன்பட்டால்தான் கோப்பு திறக்கும். ரூட் கேட்டாலும் இந்த இரண்டாம் விசாரணையிலிருந்து விலக்கு இல்லை.

சேவையகமொன்றைப் பராமரிக்கும் இளைஞர் ஒருவர், தாம் வீட்டு அடைவில் தயாரித்த புதிய பக்கமொன்றை இணையத்தள அடைவுக்கு நகர்த்திவிட்டு, அது திறக்காமல் ‘அனுமதி இல்லை’ என்ற வாசகமே திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு சலித்திருந்த வேளையில் நானும் அவ்விடத்தில் இருந்தேன். பக்கத்து மேசையில் இருந்த மூத்தவரிடம் அவர் முறையிட்டார்: “காக்கா, பைல் இரிக்கி, உரிமையெல்லாம் சரியாக் குடுத்திரிக்கன், ஆனா பக்கம் திறக்குதில்ல. அந்த எஸ்.ஈ.லினக்ஸ ஒரே கட்டளையில நிப்பாட்டிட்டா சரி எண்டு நெட்ல சொல்றாங்க.” மூத்தவர் திரும்பிப் பாராமலே சொன்னார்: “அவசரப்படாத தம்பி. அது மறுத்தா, ஏன் மறுத்ததெண்டு எழுதியும் வெச்சிரிக்கும். அத முதல்ல படி.”

பதிவேட்டைத் திறந்தபோது அங்கே ஒரே ஒரு வரி காத்திருந்தது. மறுக்கப்பட்டது என்ற தீர்ப்பு; கேட்ட காரியம்: படித்தல்; கேட்டவர்: இணையத்தள நிரல்; கேட்ட பொருள்: அந்தப் புதிய பக்கம்; கேட்டவரின் லேபிள்; பொருளின் லேபிள். கடைசியில் சொன்ன லேபிளில்தான் விடை இருந்தது. பக்கம் பொது அடைவுக்கு வந்துசேர்ந்திருந்தாலும், அதன் மேல் வீட்டு அடைவின் லேபிளே ஒட்டியிருந்தது. பிரதி செய்தால் கோப்பு புதிய இடத்தின் லேபிளைப் பெற்றுக்கொள்ளும். நகர்த்தினாலோ பழைய லேபிளையே சுமந்து வரும். அந்த இடத்துக்கு உரிய லேபிளை மீட்டுத் தரும் ‘ரீஸ்டோர்கொன்’ என்னும் கட்டளையை இளைஞர் தட்டினார், பக்கம் திறந்தது. அவர் கேட்டபடி முழுக் காவலையும் நிறுத்தியிருந்தாலும் பக்கம் திறந்திருக்கத்தான் செய்யும். ஆனால் அன்று முதல் அந்தச் சேவையகத்தின் பணியாட்கள் அனைவரும் கட்டவிழ்ந்து திரிந்திருப்பார்கள், அது ஒருவர் கண்ணிலும் பட்டிராது.

சேவையகத்தை விட்டுக் கைத்தொலைபேசிக்கு வருவோம். அன்ட்ரொயிட்டின் அடித்தளமும் லினக்ஸ்தான். அதில் ‘வோல்ட்’ என்று ஒரு பணியாள் உண்டு. நினைவக அட்டையைப் போட்டதும் அதை இனங்கண்டு இணைப்பது அதன் வேலை. வேலை இவ்வளவே ஆயினும் அது இயங்கியது ரூட்டின் அதிகாரத்தோடு. 2011இல் ஜிஞ்சர்பிரேக் என்ற பெயரில் வெளியான ஒரு தந்திரம், வோல்டுக்குப் பொய்ச் செய்தியொன்றை அனுப்பி அதன் கணக்கைக் குழப்பி, தொலைபேசி முழுவதையும் கைப்பற்றியது. எஸ்.ஈ.லினக்ஸை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஸ்டீபன் ஸ்மோலி, தம் சகாவோடு சேர்ந்து அதை அன்ட்ரொயிட்டுக்கு ஏற்றவாறு அமைத்து, இந்தத் தந்திரம் அங்கே ஒரு படியில் அல்ல, பல படிகளில் தடுக்கப்படுவதை எடுத்துக்காட்டினார். சாதாரணச் செயலி வோல்டோடு அவ்வாறு நேரே பேச விதியில்லை. வோல்ட், தொலைபேசியின் சொந்த நிரல்களைத் தவிர வெளியிலிருந்து வந்த ஒன்றை இயக்க விதியில்லை. வழு வழுவாகவே இருந்தது. ஆனால் அதனால் ஆகக்கூடிய பயன் இல்லாமற் போயிற்று.

கூகுள் நிறுவனம் இதை ஒரேயடியாக நடைமுறைப்படுத்தவில்லை. 2013 ஜூலையில் வெளியான அன்ட்ரொயிட் 4.3இல் விதி இருந்தது, ஆனால் மீறுவோரைத் தடுக்காமல் குறித்துக்கொள்ள மட்டுமே செய்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த 4.4இல் வோல்ட் முதலான அதிகாரம் மிகுந்த நான்கு பணியாட்கள் மட்டும் கட்டப்பட்டனர். 2014இல் வந்த 5.0இல்தான் சகலமும் விதியின் கீழ் வந்தன. அத்தோடு நில்லாமல், எந்த நாட்டில் எந்த நிறுவனம் தொலைபேசியைத் தயாரித்தாலும் ஒருபோதும் அனுமதிக்கக்கூடாதவை என்று ஒரு பட்டியலும் வகுக்கப்பட்டு, அதை மீறும் தொகுப்பு கூகுளின் பரிசோதனையில் தேறாது என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது. சட்டத்தை எழுதும் தயாரிப்பாளர்களையும் கட்டும் மேற்சட்டம் அது.

ஆனாலும் விதி இருப்பது வேறு, விதி நுட்பமாக இருப்பது வேறு என்பதை 2015 ஜூலை உலகுக்குக் காட்டிற்று. ஸ்டேஜ்ஃபிரைட் என்ற பெயரால் அறியப்பட்ட வழுக்களை ஜொஷுவா டிரேக் என்னும் ஆய்வாளர் அப்போது வெளிப்படுத்தினார். படத்துண்டொன்று அடங்கிய ஒரு பல்லூடகச் செய்தியை அனுப்பினாலே போதும். பெறுபவர் அதைத் திறந்து பார்க்கவேண்டிய தேவைகூட இல்லாமல், அதைப் பிரித்துப் பார்க்கும் ‘மீடியாசேர்வர்’ என்னும் பணியாள் தாக்குபவர் வசமாகிவிடக்கூடும். இந்த மீடியாசேர்வரின் கையில் என்னென்ன இருந்தன என்று பார்த்தால் திகைப்புண்டாகும். படத்தைப் பிரிப்பது அது. கமராவை ஆள்வது அது. ஒலிவாங்கியை ஆள்வதும் அது. வலையமைப்போடு தொடர்புகொள்ளும் உரிமையும் அதற்கு இருந்தது. விதி அதைக் கட்டித்தான் இருந்தது. ஆனால் அத்தனை தொழில்களைச் செய்யும் ஒருவருக்கு எழுதும் விதி எவ்வளவு இறுக்கமாக இருக்க முடியும்? அதன் நியாயமான தேவைகளே அதன் எல்லையை அகலமாக்கிவிட்டன.

ஆகவே 2016இல் வந்த அன்ட்ரொயிட் 7.0இல் விதியை இறுக்குவதற்கு முன் வேலையைப் பிரித்தார்கள். கமராவுக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர், வந்த கோப்பைப் பிரித்தெடுக்க ஒருவர், பிரித்ததைப் படமாக விரிக்க ஒருவர் என்று பழைய மீடியாசேர்வர் பல தனிப் பணியாட்களாகப் பகுக்கப்பட்டது. அந்நியக் கோப்பைத் தொடும் ஆபத்தான வேலை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கமராவும் இல்லை, ஒலிவாங்கியும் இல்லை, வலையமைப்பும் இல்லை. அதே வகை வழு நாளை மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டாலும், அதைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைபவன் கேட்கவும் பார்க்கவும் வெளியே பேசவும் இயலாத ஓர் இடத்தில் நிற்பான். ஒரு பணியாளைக் கட்டவேண்டுமானால் முதலில் அவனுடைய வேலை இன்னதென்று வரையறுத்தாக வேண்டும் என்னும் பாடம், கணினிக்கு வெளியேயும் பொருந்துவதே.

இத்தகைய விதியின் தலையாய சிறப்பு, இனிமேல் கண்டுபிடிக்கப்படப்போகும் குறைகளுக்கும் அது முன்கூட்டியே பதில் வைத்திருப்பதாகும். வைரஸ் தடுப்பு நிரல் அறிந்த பகைவனையே இனங்காணும். இதற்கோ பகைவனை அறியவேண்டிய அவசியமில்லை, பணியாளின் வேலையை அறிந்தால் போதும். 2019 பெப்ரவரியில், கொன்டெய்னர் எனப்படும் அடைப்பிற்குள் ஓடும் நிரலொன்று, அந்த அடைப்பை இயக்கும் ‘ரன்சி’ என்னும் கருவியை மாற்றி எழுதி, வெளியே தாய்க் கணினியையே கைப்பற்றக்கூடிய பாரதூரமான வழுவொன்று அறிவிக்கப்பட்டது. ரெட்ஹெட் வழங்கியில் எஸ்.ஈ.லினக்ஸ் அமுலில் இருந்த கணினிகளில் அந்தத் தாக்குதல் பலிக்கவில்லை. விதியை எழுதியவர்கள் அந்த வழுவைக் கனவிலும் கண்டவர்களல்லர். அடைப்பிற்குள் இருப்பது வெளியேயுள்ள நிரலை எழுதி மாற்றத் தேவையில்லை என்ற சாதாரண உண்மையை மாத்திரமே அவர்கள் எழுதிவைத்திருந்தார்கள்.

என்றாலும் இதைச் சர்வரோக நிவாரணியாகக் கருதுவது பெரும் பிழை. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் வழு, நிரலின் சொந்த நினைவகத்தில் இருந்த இரகசியங்களையே கசியவிட்டது. நிரல் தன் நினைவகத்தைத் தானே படிப்பதை எந்த விதியும் தடுக்க முடியாது. தரவுத்தளத்தைப் படிக்க உரிமை பெற்ற இணையத்தள நிரல் ஏமாற்றப்பட்டு அதைப் பிறருக்கு ஒப்புவித்தால், விதியின் பார்வையில் அங்கே குற்றம் எதுவும் நிகழவில்லை. விதியை நடைமுறைப்படுத்தும் கர்னலிலேயே வழு இருந்தாலோ தீர்ப்பளிப்பவரே கைப்பற்றப்பட்டுவிடுகிறார்.

நம் நாட்டிலும் அண்மையில் ஒரு கசப்பான உதாரணம் உண்டு. 2023 ஆகஸ்ட் மாத இறுதியில், லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் எனப்படும் அரச முகிற்கணிமைத் தொகுதியின் மின்னஞ்சல் சேவை, பணம் கேட்டு மிரட்டும் ஒரு தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளப்பெற முடியாதவாறு அழிந்துபோயின. காலங்கடந்த மென்பொருள் புதுப்பிக்கப்படாமல் இருந்ததும், தாக்குதல் எட்டாத இடத்தில் மாற்றுப் பிரதி இல்லாதிருந்ததும் அன்று சுட்டிக்காட்டப்பட்ட காரணங்கள். பணியாட்களைக் கட்டும் விதி, புதுப்பித்தலுக்கும் மாற்றுப் பிரதிக்கும் பதிலாக வருவதன்று; அவையிரண்டும் ஒழுங்காக இருக்கும்போது அவற்றோடு சேர்ந்து நிற்பது. ஆயினும் அந்தச் சம்பவம் ஓர் உண்மையை உணர்த்திற்று: கச்சேரியிலும் பிரதேச செயலகத்திலும் வைத்தியசாலையிலும் நம்மைப் பற்றி வைத்திருக்கும் தகவல் அனைத்தும், நாம் கண்டிராத ஏதோ ஒரு சேவையகத்தில், நாம் அறியாத ஏதோ ஒரு பணியாளின் கையில் இருக்கின்றன.

இக்கரையோரத்து மக்களுக்கு இது தொலைவான விஷயமன்று. 2004 டிசம்பர் 26இல் சுனாமி இந்நாட்டில் மிக அதிகமான உயிர்களைக் காவுகொண்டது இக்கரையோரம் அடங்கிய அம்பாறை மாவட்டத்திலேயே. அந்த அழிவுக்குப் பின், காணாமற் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவுசெய்ய இலங்கை மென்பொருளாளர்கள் ஒன்றுகூடி ஆக்கிய ‘சகானா’ என்னும் கட்டற்ற மென்பொருள் பின்னர் பிற நாட்டுப் பேரிடர்களிலும் பயன்பட்டது. தாயைத் தேடும் பிள்ளையின் பெயரும், தனித்துவிடப்பட்ட சிறுமி தங்கியிருக்கும் இடமும் அத்தகைய ஏட்டில் ஏறும்போது, அதை ஏந்தி நிற்கும் நிரல் எதை மட்டும் செய்யலாம் என்று வரையறுப்பது தொழில்நுட்ப விவகாரமாக மட்டும் இருந்துவிட முடியாது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இன்று இந்நாட்டில் இருக்கிறது. சட்டம் நிறுவனத்தை நோக்கிக் கட்டளையிடுகிறது. அந்தக் கட்டளையைக் கணினியினுள் ஓடும் நிரலுக்கு எடுத்துச் செல்ல வேறொரு விதி வேண்டும்.

விதிக்கு மிகப் பெரிய அபாயம் வெளியிலிருந்து வரும் பகைவனால் அன்று, உள்ளிருக்கும் நிர்வாகியின் பொறுமையின்மையால் வருவது. லினக்ஸ் சேவையகங்களில் எஸ்.ஈ.லினக்ஸைத் தற்காலிகமாக நிறுத்துவதற்கு ஒரே ஒரு சிறு கட்டளை போதும்; இணையத்தில் காணப்படும் எண்ணிறந்த வழிகாட்டிக் குறிப்புகள் முதற் படியாகவே அதைச் செய்யச் சொல்கின்றன. தற்காலிகம் என்று தொடங்கியது வேலை முடிந்தபின் மறக்கப்பட்டு நிரந்தரமாகிவிடுகிறது. நிறுத்தியேயாகவேண்டிய நிலைமை வந்தாலும் முழுவதையும் நிறுத்தவேண்டியதில்லை. சந்தேகத்துக்குரிய அந்த ஒரு பணியாளை மட்டும் ‘தடுக்காதே, குறித்துக்கொள்’ என்னும் நிலைக்கு மாற்றி, பதிவேட்டில் சேரும் வரிகளைப் படித்து, வேண்டிய ஓர் அனுமதியை மட்டும் சேர்க்க வழியிருக்கிறது. கைத்தொலைபேசியிலும் இதே சோதனை வேறு உருவத்தில் வரும். தொலைபேசியை ‘ரூட்’ செய்து தருகிறேன் என்பவரிடம் அதை ஒப்படைப்பவர், சில வசதிகளுக்காக அதனுள்ளிருக்கும் சட்டப் புத்தகத்தின் கட்டைத் தளர்த்தவே பெரும்பாலும் சம்மதிக்கிறார் என்பதை அறிந்துகொள்வது நல்லது. பாதுகாப்புப் புதுப்பித்தல் நின்றுபோன பழைய தொலைபேசியைப் பணப் பரிவர்த்தனைக்குப் பயன்படுத்தாதிருப்பதும், எங்கிருந்தோ வரும் செயலிக் கோப்பை நேரே நிறுவாதிருப்பதும், சாதாரண மனிதர் தம் பங்குக்குச் செய்யக்கூடியவை.

1995இல் அட்டாளைச்சேனையிலே தொடங்கி இன்று ஒலுவிலில் நிலைபெற்றிருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஏனைய நிலையங்களிலிருந்தும் கணினி பயின்று வெளிவரும் இளைஞர்கள், நாளை வைத்தியசாலையொன்றின் அல்லது வங்கியொன்றின் சேவையகத்தின் முன் அமரப்போகிறவர்கள். அவர்களுக்குக் கட்டளைகளைக் கற்பிப்பது எளிது. மறுப்பு வந்த வேளையில் அதைத் தமக்கு நேர்ந்த அவமானமாகக் கொள்ளாமல், அது தரும் காரணத்தை நிதானமாகப் படித்து, அனுமதி உண்மையிலேயே தேவைதானா என்று முதலில் தம்மையே விசாரித்துக்கொள்ளும் பழக்கம்தான் கற்பிப்பதற்கு அரியது. தம்மிடம் சகல அதிகாரமும் இருக்கையில் தம்மையும் கட்டும் ஒரு விதியை விரும்பி ஏற்றுக்கொள்வது எந்தத் துறையிலும் இலகுவான காரியமன்று. பிறருடைய தகவலை ஏந்தி நிற்கும் பொறுப்பை ஒருவர் ஏற்றுக்கொண்டாரானால், அந்த விதியைத் தவிர்க்கும் உரிமையும் அவருக்கு இல்லை.